வந்தவர்களின் மின்னஞ்சலை எப்படி வாங்குவது: நோட்டா, சீட்டா, கியூஆரா, வாட்ஸாப்பா?

உரை தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். முன்வரிசையிலிருந்து ஒரு நீள நோட்டு கைமாறி வரும். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட ஐந்து பத்திகள்: வரிசை எண், பெயர், ஊர், செல்பேசி, மின்னஞ்சல். நான்காம் வரிசையில் இருப்பவர் கைக்கு வரும்போது அதில் இருபத்தேழு பேர் எழுதி முடித்திருப்பார்கள். தன் பெயரை எழுதும் முன் அவர் அந்த இருபத்தேழையும் ஒரு நோட்டம் விடுவார். அதில் தப்பெண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. எதிரில் எழுத்து இருந்தால் கண் படிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கத்தைச் செல்பேசியில் படம் பிடிக்க நினைப்பவருக்கு இரண்டு நொடி போதும். பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடத் தெரியாது.

வாசகர் வட்டம், அறிவியல் உரை, கட்டற்ற மென்பொருள் சந்திப்பு, நுகர்வோர் அமைப்பு, குடியிருப்போர் நலச் சங்கம் என்று மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். நாற்பது முதல் அறுபது பேர் வருகிற கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைக்க வேண்டும். அதற்கு முகவரி வேண்டும். அதை வாங்க ஐந்தாறு வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எங்கே ஒழுகுகிறது, யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

முதலில், எதற்காக வாங்குகிறீர்கள்?

ஒரே நோட்டில் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்வதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு, இன்னார் வந்திருந்தார் என்ற சான்று, அடுத்த கூட்டத்துக்கான அழைப்பு. இவற்றில் மூன்றாவதுக்கு மட்டும்தான் மின்னஞ்சல் தேவை.

கணக்குக்கு ஒருவர் வாசலில் நின்று ஐந்தைந்தாகக் கோடு கிழித்தால் போதும். சான்று வேறு விஷயம். பதிவு பெற்ற சங்கத்தின் பொதுக்குழு என்றால் குறைவெண் வரம்பு (கோரம், அதாவது வந்தாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) நிறைந்ததா என்று காட்ட உறுப்பினர்களின் கையெழுத்து தேவை. அங்கே பெயரும் கையெழுத்தும் இருந்தால் போதும். உறுப்பினரின் முகவரி ஏற்கெனவே உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறது. கிராம சபையிலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள்; மின்னஞ்சல் இல்லாமலே அது செல்லுபடியாகிறது.

சான்றையும் முகவரியையும் பிரித்ததற்கு நல்ல உதாரணம் ஐஇடிஎஃப். இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் அந்த அமைப்பின் பணிக்குழுக் கூட்டங்களில் நெடுங்காலமாக ஒரு நீலத் தாள் கைமாறி வந்தது. வந்தவர்கள் அதில் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதுவார்கள். பின்னாளில் காப்புரிமை வழக்கு ஏதாவது வந்தால், அந்த அறையில் யார் இருந்தார் என்று காட்ட அது உதவும். அடுத்த முறை எவ்வளவு பெரிய அறை ஒதுக்கலாம் என்றும் கணக்கிடலாம். 2012-ல் அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து நடவடிக்கைக் குறிப்புகளோடு வெளியிட முடிவெடுத்தார்கள். அப்போது மின்னஞ்சல் பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிறுவனத்தின் பெயரைக் கேட்டார்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்தறியத்தான் மின்னஞ்சல் பயன்பட்டது. அதற்கு நிறுவனப் பெயரே போதும் என்று கண்டார்கள். இதே கேள்வியை உங்கள் நோட்டின் ஒவ்வொரு பத்தியிடமும் கேளுங்கள். 'ஊர்' எதற்கு? 'செல்பேசி' எதற்கு? பதில் இல்லாத பத்தியை அழித்துவிடுங்கள்.

சுற்றி வரும் நோட்டு

இதற்கு உள்ள ஒரே வசதி, ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்பதுதான். குறைகள் நிறைய.

எல்லோரும் எல்லோருடைய விவரத்தையும் பார்க்கிறார்கள். பெண்களுக்கு இது வெறும் கூச்சம் சார்ந்த விஷயம் அல்ல. கூட்டத்துக்கு மறுநாள், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து 'நேற்று உங்களைப் பார்த்தேன்' என்று செய்தி வருவது பலருக்கு நேர்கிற தொல்லை. அதனால் பலர் வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டு நோட்டை அடுத்தவரிடம் நகர்த்துகிறார்கள். இன்னும் சிலர் அடுத்த கூட்டத்துக்கே வருவதில்லை. மறுக்கவும் வழியில்லை. இருபது பேர் எழுதிய பிறகு இருபத்தொன்றாவது ஆள் எழுதாமல் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவர் 'எழுதுங்க சார், எல்லாரும் எழுதியிருக்காங்க' என்பார். அப்படிக் கிடைக்கும் முகவரியைச் சம்மதம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நோட்டு தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். செயலாளர் வீட்டு அலமாரியில் சில வருடம் கிடக்கும். ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கிருந்து பஜ்ஜிக் கடைக்கோ மளிகைக் கடைக்கோ போகும். பொட்டலம் பிரிக்கும்போது யாரோ எழுதிய பெயரும் செல்பேசி எண்ணும் எண்ணெய் படிந்து தெரிவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

கூட்டத்தின் பொருள் என்ன என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும். கவிதை வாசிப்புக்கு வந்தவர் பட்டியல் வெளியே போனால் தொல்லை. தொழிற்சங்கக் கூட்டம், தகவல் உரிமை ஆர்வலர் சந்திப்பு, குடிநோயிலிருந்து மீள்பவர்களுக்கான கூட்டம், பால்புதுமையினர் ஆதரவுக் கூட்டம் ஆகியவற்றில் 'இவர் வந்திருந்தார்' என்பதே மறைக்கப்பட வேண்டிய செய்தி. விசாரணைக்காக ஓர் ஆவணத்தைக் கேட்டு வாங்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு வழி செய்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். எழுதி வைக்காத பட்டியலை யாரும் கேட்டு வாங்க முடியாது. இத்தகைய கூட்டங்களில் எந்த வடிவத்திலும் பட்டியல் வேண்டாம். கடைசியில் சொல்லப்போகும் வழிதான் அவற்றுக்கு ஏற்றது.

துண்டுச் சீட்டும் பெட்டியும்

வயதானவர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்து வரும் கூட்டத்துக்கு இதுவே முதல் தேர்வு. ஒரு சீட்டில் ஒருவர் விவரம். எழுதி, மடித்து, பெட்டியில் போடுகிறார். விருப்பமில்லாதவர் வெறும் சீட்டை மடித்துப் போடலாம், யாருக்கும் தெரியாது. நோட்டில் இல்லாத சுதந்திரம் இது.

ஏ4 தாளை எட்டாக வெட்டினால் ஒரு சீட்டு 105 மி.மீ. அகலம், 74 மி.மீ. உயரம் வரும். எட்டுத் தாளில் அறுபத்து நான்கு சீட்டு. அறுபது பேர் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். சீட்டை ஒவ்வொரு நாற்காலியிலும் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். வாசலில் வைத்து எழுதச் சொன்னால் வரிசை நிற்கும். பின்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். பேனா பத்துப் பன்னிரண்டு வேண்டும். பாதி திரும்பி வராது. பெட்டிக்கு, மூடியில் பிளவு போட்ட செருப்புப் பெட்டி போதும். மூடியை ஒட்டிவிடுங்கள். திறந்த தட்டு வைத்தால் மேலே கிடக்கும் சீட்டை எல்லோரும் படிப்பார்கள். மறுபடி நோட்டுக்கே வந்து சேர்ந்தாயிற்று.

சீட்டின் அமைப்பில்தான் வெற்றி இருக்கிறது. வெறும் கோடு போட்டால் கையெழுத்து புரியாது. எழுத்துக்கு ஒரு கட்டம் வேண்டும். ஆறு மி.மீ. கட்டம் பதினைந்து ஒரு வரியில் அடங்கும். இரண்டு வரி போட்டால் முப்பது. ஜிமெயில் பயனர் பெயரின் உச்ச நீளமும் முப்பது எழுத்துதான். கட்டங்களுக்குப் பக்கத்தில் 'ஜிமெயில்' என்று ஒரு டிக் பெட்டியும், 'வேறு' என்று ஒரு கோடும் போடுங்கள். பெரும்பாலோர் டிக் அடித்துவிட்டுப் பெயர்ப் பகுதியை மட்டும் எழுதுவார்கள். ஜிமெயிலின் எழுத்துகளை மாற்றிப் போடும் பிழை அடியோடு ஒழியும்.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். சிறிய எழுத்தில் 'எல்'லும் ஒன்றும் ஒன்றுபோல் இருக்கும். 'ஓ'வுக்கும் சுழியத்துக்கும் வேறுபாடு தெரிய, சுழியத்தின் குறுக்கே ஒரு கோடு போடும்படி சீட்டிலேயே ஒரு மாதிரி அச்சிடுங்கள். அடிக்கோடு கட்டத்தின் கீழ்க்கோட்டோடு ஒட்டிக் காணாமல் போகும். ஆனால் ஜிமெயில் முகவரியில் அடிக்கோடு வராது. எழுத்து, எண், புள்ளி மட்டும்தான். புள்ளியையும் ஜிமெயில் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே 'ஜிமெயில்' டிக் அடித்த சீட்டில், அது புள்ளியா அழுக்கா என்று தெரியாவிட்டால் விட்டுவிடலாம். மடல் போய்ச் சேரும். யாஹூவிலும் அலுவலக முகவரிகளிலும் அந்தச் சலுகை கிடையாது.

சொல்லச் சொல்லத் தொண்டர் எழுதிக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிடுங்கள். எழிலரசி என்ற பெயரின் 'ழ'வுக்கு ஒருவர் இசட்எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். முதலெழுத்து ஆங்கில 'ஈ'யா 'ஐ'யா என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா என்பது இன்னொன்று. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது ஊகம்தான். ஊகம் தப்பினால் மடல் திரும்பி வரும் என்பது உறுதியில்லை. அந்த முகவரி வேறொருவருடையதாக இருந்தால் அவருக்குப் போய்ச் சேரும். பேனாவை அவர் கையில் கொடுங்கள். கண் தெரியாதவருக்கும் எழுத வராதவருக்கும் உதவும்போது, எழுதியதை எழுத்தெழுத்தாகத் திரும்பப் படித்துக் காட்டுங்கள்.

கட்டங்களுக்குக் கீழே நான்கு வரி அறிவிப்பு தமிழில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்: 'அடுத்த கூட்டங்களின் அறிவிப்பை அனுப்ப மட்டுமே இந்த முகவரி. மாதம் இரண்டு மடலுக்கு மேல் வராது. வேறு யாருக்கும் தரமாட்டோம். வேண்டாம் என்று தோன்றினால் எந்த மடலுக்கும் "நிறுத்து" என்று பதில் போடுங்கள். ஒரு வாரத்துக்குள் நீக்கிவிடுவோம்.' அதன் அடியில் பொறுப்பாளரின் பெயரும் அமைப்பின் மின்னஞ்சலும். 'தகவல் பாதுகாப்பு உறுதி' என்பது போன்ற பொதுவான வாசகம் வேண்டாம். அதில் வாக்குறுதி எதுவும் இல்லை.

சீட்டுக்கு ஒரு செலவு உண்டு: தட்டச்சு. ஐம்பது சீட்டைத் தட்டச்சு செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். கூட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ செய்துவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் மூன்று வாரம் ஆகும். அதற்குள் அடுத்த கூட்டமே வந்துவிடும். தட்டச்சு ஆனதும் ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்தும் மடல் ஒன்று போக வேண்டும்: 'நீங்கள்தான் கேட்டீர்களா? ஆம் என்றால் இந்த இணைப்பைச் சொடுக்குங்கள்.' சொடுக்கியவர்கள் மட்டுமே பட்டியலில். திரும்பி வந்த முகவரியை மாற்றி மாற்றிப் போட்டு முயலாதீர்கள். இரண்டு வாரம் கழித்துச் சீட்டுகளைக் கிழித்துவிடலாம்.

கியூஆர் போட்ட படிவம்

தட்டச்சு வேலை கிடையாது. அவரவர் முகவரியை அவரவர் செல்பேசியில் அடிப்பதால் பிழையும் குறைவு. இளைஞர்கள் நிறைந்த கூட்டம் என்றால் இதையே வைத்துக்கொள்ளலாம். எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் படிவத்தின் அமைப்புகளில்தான்.

கூகுள் படிவத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்புகளில், பதிலளித்தவர்களுக்கு முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது திறந்திருந்தால், படிவத்தை நிரப்பிய எவரும் மற்றவர்கள் எழுதிய பதில்களைப் பார்க்க முடியும். மின்னஞ்சலை ஒரு சாதாரணக் கேள்வியாக வைத்திருந்தால் முகவரிகள் வரிசையாகத் தெரியும். இது சுற்றி வரும் நோட்டைவிட மோசம். நோட்டை அறையில் இருப்பவர்கள் மட்டும்தான் பார்த்தார்கள். படிவத்தை வெளியிடும் முன் வேறொரு செல்பேசியில் நீங்களே ஒரு முறை நிரப்பி, கடைசித் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

அடுத்தது விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்). பதில்கள் போய்ச் சேரும் தாளை 'இணைப்பு உள்ள எவரும்' என்று பகிர்ந்து, அந்த இணைப்பைத் தொண்டர் குழுவில் போட்டுவிடுவார்கள். ஒருவர் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினால் அதோடு சரி. இரண்டே பேருக்கு, அவர்களுடைய மின்னஞ்சலைக் குறிப்பிட்டு அனுமதி கொடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: விரிதாளில் ஒரு வரியை அழித்தால் படிவத்தில் உள்ள பதில் அழியாது. இரண்டும் தனித்தனி. ஒருவர் தன்னை நீக்கச் சொன்னால் இரண்டு இடத்திலும் நீக்க வேண்டும்.

ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். கடவுச்சொல் நினைவில்லாதவர் அத்தோடு விட்டுவிடுவார். அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. இரண்டு முறை நிரப்பினாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் யாருடைய முகவரியையும் நிரப்ப முடியும் என்பதால் இங்கேயும் உறுதிப்படுத்தும் மடல் தேவை.

படிவத்தைத் தனிநபர் கணக்கில் உருவாக்காதீர்கள். அவர் வேலை மாறி ஊரை விட்டுப் போனால் பட்டியலும் அவரோடு போகிறது. அமைப்புக்கென்று ஒரு கணக்கு, இரட்டைச் சரிபார்ப்போடு, இருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

கியூஆர் படத்தின் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிறார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு முப்பது செ.மீ. வேண்டும். ஏ4 தாளில் அச்சிட்டுத் தூணில் ஒட்டினால் இரண்டு மீட்டர் வரைதான் எடுக்கும். உரை முடிந்ததும் திரையில் இரண்டு நிமிடம் காட்டுவது நல்லது. நன்றியுரையின்போது காட்டினால் எழுந்து போகிறவர்கள் மறைப்பார்கள். தரைக்கு அடியில் உள்ள அரங்கில் இணைப்பு கிடைக்காது. அங்கே சீட்டையே நம்புங்கள்.

வாட்ஸாப் குழு

நம் ஊரில் எளிதென்று எல்லோரும் போகும் வழி இது. மின்னஞ்சலைவிட அதிகமாக இழப்பதும் இதில்தான். குழுவில் சேர்ந்தவுடன் ஒருவரின் செல்பேசி எண் எல்லா உறுப்பினருக்கும் தெரிகிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். நாளை யார் சேர்வார் என்பது இன்று சேர்கிறவர் கையில் இல்லை. வெளியேறினாலும், வெளியேறியவர்கள் பட்டியலில் 60 நாள் வரை தெரிவார். மின்னஞ்சலை மாற்றிக்கொள்ள முடியும். வங்கி, ஆதார், எரிவாயு என்று எல்லாவற்றோடும் கட்டப்பட்ட எண்ணை மாற்றுவது எளிதல்ல. நோட்டில் வாங்கிய எண்களை, கேட்காமல் குழுவில் சேர்ப்பது மரியாதைக் குறைவும்கூட.

வாட்ஸாப்பை விட முடியாது என்றால் குழுவுக்குப் பதில் சேனல் வையுங்கள். இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்த வசதி. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. நடத்துபவரின் எண்ணும் அவர்களுக்குத் தெரியாது. ஒருவழி அறிவிப்புக்கு அது போதும். உரையாடல் வேண்டும் என்கிறவர்கள், அதன் விலை தெரிந்து, தனியே ஒரு குழு வைத்துக்கொள்ளட்டும்.

முன்பதிவு செய்யும் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்தாலோ கட்டணம் வாங்கினாலோ தேவை. இலவசக் கூட்டத்துக்கு வேண்டாம். பதிந்தவர்களின் விவரம் உங்களிடம் மட்டுமல்லாமல் அந்தத் தளத்திடமும் சேர்கிறது.

வாங்காமலே இருப்பது

முகவரியை நீங்கள் கேட்காமல், உங்கள் முகவரியை அவர்களுக்குக் கொடுங்கள். கரும்பலகையில் அமைப்பின் மின்னஞ்சலைப் பெரிதாக எழுதி, 'அறிவிப்பு வேண்டுவோர் இதற்கு ஒரு வெற்று மடல் அனுப்புங்கள்' என்று சொன்னால் போதும். யார் வந்தார் என்ற பட்டியல் எங்கும் உருவாகாது. அறிவிப்பு கேட்டவர் பட்டியல் மட்டும்தான் இருக்கும். கேட்டவர் கூட்டத்துக்கு வந்தவராகவே இருக்க வேண்டியதும் இல்லை. எழுத்துப் பிழைக்கு இடமே கிடையாது, ஏனென்றால் முகவரி அனுப்புநர் இடத்திலேயே வந்துவிடுகிறது. கூச்சமுள்ளவர் வீட்டுக்குப் போய் யோசித்து அனுப்பலாம்.

குறை ஒன்றுதான்: எண்ணிக்கை குறையும். நோட்டில் ஐம்பது பேர் எழுதும் இடத்தில் இங்கே அனுப்புகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை நட்டமாகப் பார்க்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வேண்டி வந்த பதினைந்து பேர் மடலைத் திறப்பார்கள். வேண்டா வெறுப்பாக எழுதியவர்கள் அதை எரிதம் (ஸ்பேம்) என்று குறிப்பார்கள். அப்படிக் குறிப்பவர்கள் கூடினால் உங்கள் மடல் மற்றவர்களுக்கும் எரிதப் பெட்டிக்குள் விழத் தொடங்கும். முன்னே சொன்ன தொழிற்சங்க, ஆதரவுக் குழுக் கூட்டங்களுக்கு இந்த வழியைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம்.

வாங்கிய பிறகு ஒழுகுவது

எவ்வளவு கவனமாக வாங்கினாலும், அனுப்பும்போது ஒரே சொடுக்கில் எல்லாம் போய்விடும். 2020-ல் எச்ஐவி ஸ்காட்லாந்து என்ற தொண்டு நிறுவனம் ஒரு நிகழ்ச்சியின் நிரலை 105 பேருக்கு அனுப்பியது. முகவரிகளை, பெறுகிறவர்களுக்கு மற்றவர்களின் முகவரி தெரியாத பிசிசியில் போடுவதற்குப் பதிலாக, எல்லோருக்கும் தெரியும் சிசியில் போட்டுவிட்டார்கள். 65 முகவரிகளிலிருந்து ஆளின் பெயர் தெரிந்தது. அந்தப் பட்டியலில் இருப்பதே ஒருவரின் உடல்நிலையைப் பற்றிய ஊகத்துக்கு இடம் தரும். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2021 அக்டோபரில் 10,000 பவுண்டு அபராதம் விதித்தது. பாதுகாப்பாக மொத்த மடல் அனுப்பும் மென்பொருளை அவர்கள் வாங்கி ஏழு மாதம் ஆகியும் பழைய பிசிசி முறையிலேயே சில பட்டியல்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பிசிசி பாதுகாப்பான முறை அல்ல. தவறாமல் செய்தால் மட்டும் பாதுகாப்பு. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளுக்கு 500 பேர் என்ற வரம்பும் உண்டு. இதோடு, தனிநபர் கணக்கிலிருந்து அனுப்பினால் அந்த முகவரிகள் தானாகவே அவருடைய 'பிற தொடர்புகள்' பட்டியலில் சேர்கின்றன. நீங்கள் விரிதாளை அழித்த பிறகும் அங்கே இருக்கும்.

ஒரே முகவரிக்கு அனுப்பினால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மடல் போய்ச் சேரும் கூகுள் குரூப்ஸ் இலவசம். முப்பது பேருக்கும் முந்நூறு பேருக்கும் சரிவரும். மூன்று அமைப்புகளை மாற்றியாக வேண்டும்: உறுப்பினர்களை யார் பார்க்கலாம், யார் மடல் இடலாம், உரையாடல்களை யார் பார்க்கலாம். முதல் இரண்டும் உரிமையாளர்களுக்கு மட்டும் என்று இருக்கட்டும், மூன்றாவது உறுப்பினர்களுக்கு. இரண்டாவதை மறந்தால், ஒருவர் 'அருமையான கூட்டம், நன்றி' என்று பதில் போட அது எல்லோருக்கும் போகும், அவருடைய முகவரியோடு. நேரடியாகச் சேர்க்காமல் அழைப்பு அனுப்புங்கள். ஏற்றவர் மட்டும் சேர்வார்.

தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் கையில் இருந்தால் மொத்த மடல் அனுப்பும் லிஸ்ட்மாங்க் நல்ல தேர்வு. கட்டற்ற மென்பொருள், சொந்த வழங்கியில் (சர்வரில்) ஓடும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தேவை. இரட்டை ஒப்புதல், அதாவது முன்னே சொன்ன உறுதிப்படுத்தும் மடல், அதிலேயே இருக்கிறது. எந்த மென்பொருளானாலும், யார் மடலைத் திறந்தார் என்று தனித்தனியாகக் கண்காணிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கூட்ட அறிவிப்புக்கு அது தேவையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தாளில் வாங்கியதைப் பிறகு கணினியில் ஏற்றினாலும் சட்டம் பொருந்தும். ஆகவே 'நாங்கள் நோட்டுதான் வைத்திருக்கிறோம்' என்பது தட்டச்சு செய்யும் வரைதான் செல்லும். சம்மதம் வாங்கும்போது எந்த விவரம், எதற்காக என்று அறிவிப்பு தர வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு வேண்டும். தமிழ் அதில் உண்டு. சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்தவரிடம், நீங்குவதற்குக் கடவுச்சொல்லும் கணக்கும் கேட்டால் அது எளிது ஆகாது. 'நிறுத்து' என்ற பதில் மடல் ஆகும். மேலே சொன்ன நான்கு வரியோடு, உரிமைகளைக் கேட்பதற்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடுவதற்குமான வழியையும் உறுதிப்படுத்தும் மடலில் சேர்த்துவிடுங்கள்.

18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் தேவை. அறிவியல் உரைகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அவர்களிடம் முகவரியே வாங்காதீர்கள். அழைத்து வந்த ஆசிரியரிடம் ஒரு சீட்டு கொடுங்கள், போதும்.

எதை எங்கே

வாசகர் வட்டத்துக்கும் பொது அறிவியல் உரைக்கும் சீட்டும் பெட்டியும். வாசலில் ஒரு கியூஆர் தாளையும் ஒட்டினால் பாதிப் பேர் அதிலேயே முடித்துக்கொள்வார்கள், தட்டச்சு வேலை பாதியாகும். மென்பொருள் சந்திப்புக்குப் படிவம் மட்டும் போதும். குடியிருப்போர் சங்கத்துக்கு நோட்டு இருந்தே ஆக வேண்டும். ஆனால் வீட்டு எண், பெயர், கையெழுத்து என்று மூன்று பத்தியோடு நிறுத்துங்கள். மின்னஞ்சலை உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தில் ஒரே முறை வாங்கிக்கொள்ளலாம். ஆதரவுக் குழுக்களுக்குக் கரும்பலகையில் உங்கள் முகவரி, அவ்வளவுதான்.

ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் பழைய நோட்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பொதுக்குழு கையெழுத்து உள்ள பக்கங்களைத் தனியே எடுத்து, சங்க ஆவணங்களோடு வையுங்கள். மற்ற பக்கங்களிலிருந்து 'பழைய முகவரிதானே' என்று யாருக்கும் மடல் போடாதீர்கள். அவர்கள் இதற்காகக் கொடுக்கவில்லை. தாள் அரைக்கும் எந்திரம் இல்லாவிட்டால், தாளைக் குறுக்கே நான்காகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். பந்துமுனைப் பேனா மை தண்ணீரில் கரையாது. வெறுமனே நனைத்துக் காய வைத்தால் எழுத்து அப்படியே இருக்கும். காலையில் கையால் நன்றாகப் பிசைந்து கூழாக்கிய பிறகே குப்பையில் போடுங்கள்.